கிழக்குச் சுவரில் ஒரு வாசல்

ஒரு நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டால், அதில் என்ன கட்ட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான். அதைத் திட்டமிடத்தான் எனக்குச் சம்பளம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடத்தினோம். நடைபாதை வேண்டும் என்றார் ஒருவர். நடைபாதை வந்தால் கண்டவர்களும் நடப்பார்கள் என்றார் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கார் நிறுத்த இடம் போக மிச்சம் இருந்தால் பூங்கா போடுங்கள் என்றார் ஒரு பல் மருத்துவர். தகரக் கொட்டகையில் மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துத் தொண்டை கட்டிப்போயிருந்த தலைமையாசிரியை மட்டும், சுவர் உள்ள அறைகள் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் நகரமைப்பு அலுவலகத்தின் இயக்குநருக்கு நீரூற்று வேண்டும். எல்லாக் காகிதத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போடுவதால் அலுவலகத்தில் அவர் பெயரே பச்சை மைதான். எங்கேயோ வெளியூர் போய் ஒரு நீரூற்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் பள்ளமான பாதியில் பூங்கா, மேடான பாதியில் பள்ளிக்கூடம், நடுவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த மரங்களை வெட்டாமல் ஒரு நிழல் வரிசை என்று முடிவானது. நீரூற்றை வரைபடத்தின் மூலையில் சின்ன வட்டமாகப் போட்டுவைத்தேன். நிதி ஒதுக்கும்போது அது தானாகவே காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மேட்டில்தான் என் அக்காவின் வீடு இருந்தது. அதைப் பச்சை மையிடம் முதல் நாளே சொல்லி, இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எந்த வீட்டை எடுத்தாலும் அது யாருக்காவது அக்கா வீடாகத்தான் இருக்கும், போய் வேலையைப் பார் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவருக்கு அக்கா கிடையாது.

அந்தத் தெரு முழுவதும் போனது. நஷ்ட ஈட்டுக் காகிதத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் அத்தான். அக்கா பேனாவைத் தொடவில்லை. வீட்டின் மேல் அவளுக்குப் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. மழை வந்தால் சமையலறையில் நாலு பக்கமும் பாத்திரம் வைக்க வேண்டிய வீடு அது. அவளுடைய கவலை விலாசம். அவள் மகள் கல்லூரிக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பிப் போனவள் போனவள்தான். போன் அன்று மதியமே அணைந்துவிட்டது. போலீஸ், ஆஸ்பத்திரி, சுவரொட்டி, தோழிகள் வீடு என்று எல்லாம் தேடி ஓய்ந்தாகிவிட்டது. நாங்கள் அவளை வாண்டு என்று கூப்பிடுவோம். பத்தொன்பது வயதிலும் அவள் வாண்டுதான், ஒரு இடத்தில் உட்காராது.

"வந்தா அவ இங்கதான்டி வருவா," என்றாள் அக்கா என்னிடம், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த அன்று. "அவளுக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான். இத இடிச்சுட்டா எங்க போய்க் கதவத் தட்டுவா?"

அத்தான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "செத்தவளுக்கு எதுக்கு அட்ரஸ்?" சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். குழாய் நீண்ட நேரம் ஓடியது.

பிறகு அவர்கள் ஊரின் மறு கோடியில், பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். புது விலாசத்தை எழுதிப் பழைய இடத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று அக்கா எங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தாள். அரசு நிலத்தில் தனியார் விளம்பரம் கூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவன் என் பக்கத்து மேசைக்காரன். அவனோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. எங்கள் சர்வேயர்தான் யாரிடமும் கேட்காமல், தகர வேலி போட்ட அன்று அந்தப் பலகையைக் கேட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியால் கட்டிவைத்தார். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கண் உள்ளவர்கள் யாரும் படிக்கலாம்.

சர்வேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே மூச்சு வாங்கும், ஆனால் வாய் ஓயாது. கட்டடம் கட்டும் முன் அதைத் தரையிலேயே முழு அளவுக்குச் சுண்ணாம்புத் தூளால் வரைந்து காட்டுவது எங்கள் வழக்கம். சுவர் வரும் இடத்தில் வெள்ளைக் கோடு, வாசல் வரும் இடத்தில் கோட்டில் இடைவெளி. வரைந்து முடித்ததும் எல்லோரும் உள்ளே நடந்து பார்ப்போம். இது ஆசிரியர் அறை, இது மாடிப்படி, இங்கே தண்ணீர்க் குழாய் என்று வெட்டவெளியில் கையை நீட்டிப் பேசிக்கொண்டு நடப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு கூட்டத்துக்கே மறை கழன்றுவிட்டது போல இருக்கும். அதில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. கோட்டைத் தாண்டக் கூடாது, இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும். யாராவது மறந்து கோட்டின் மேல் காலை வைத்தால் சர்வேயர் கத்துவார். சுவருக்குள்ளே நுழைந்து போகிறவர்கள் இரண்டே வகை, ஒன்று பேய், இன்னொன்று இன்ஜினியர் என்பார். ஒவ்வொரு இடத்திலும் அதே நகைச்சுவை. ஒவ்வொரு முறையும் அவரே முதலில் சிரிப்பார்.

மேட்டை மட்டப்படுத்தி ரோலர் ஓட்டிக் கெட்டித்த பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கோடு போட்டோம். தலைமையாசிரியை வந்து, ஒன்றாம் வகுப்பு அறைக்குள் இடைவெளி வழியாகவே நுழைந்து, நடுவில் நின்று, "காத்து நல்லா வருது," என்றார். இல்லாத சன்னலைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, இந்த வேலையிலும் சில நல்ல நாட்கள் உண்டு.

மறுநாள் காலை சர்வேயர் போன் செய்தார். ஒன்றாம் வகுப்பின் கிழக்குச் சுவரை யாரோ மிதித்திருக்கிறார்கள் என்றார். இதற்கெல்லாம் போனா என்று எரிந்து விழுந்தேன். அவர் திருத்தி வரைந்துவிட்டார். அடுத்த நாளும் மிதிபட்டிருந்தது, அதே இடத்தில். காவலாளியைப் பிடித்து உலுக்கினார். நாயாக இருக்கும் என்றான் அவன். நாய்க்கு விரல் இப்படியா இருக்கும் என்று கேட்டதும், அப்படியென்றால் தெரியாது என்று சொல்லிவிட்டான். அதற்கடுத்த நாள் நானே போனேன்.

கிழக்குச் சுவரில் வாசல் கிடையாது. அங்கே கரும்பலகை வர வேண்டும். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு கதவு அகலத்துக்குள் தூள் கலைந்திருந்தது. விடியற்காலைப் பனியில் தூள் ஈரமாகிக் காலில் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து உள்பக்கமாக வெள்ளைத் தடங்கள் போயின. செருப்பில்லாத கால், சின்னக் கால். கோட்டுக்கு வெளியே ஒன்றும் இல்லை. தரை கெட்டியாக இருந்ததால் சுண்ணாம்பு ஒட்டாத காலுக்குத் தடம் விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான காரணம்தான். ஆனால் திரும்பி வந்த தடமும் இல்லை.

"பாருங்க," என்றார் சர்வேயர். அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "நேரா போகல. வளஞ்சு வளஞ்சு போகுது."

தடம் உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒதுங்கியது, எதையோ இடித்துவிடாமல் இருக்க ஒதுங்குவது போல. பிறகு நேராக வந்து, ஒரு பெரிய வளைவாக வலப்பக்கம் சுற்றிக்கொண்டு, ஒரு மூலையை நோக்கிப் போனது. வெள்ளை மங்கிக்கொண்டே போய், கடைசித் தடத்தில் பெருவிரல் மட்டும்தான் இருந்தது. வெட்டவெளியில் எதைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று எனக்குப் புரியவில்லை. திரும்பிப் போய்க் கோடு கலைந்த இடத்தில் நின்று பார்த்தேன். எதிரே தண்ணீர்த் தொட்டியின் தலை தெரிந்தது. இடது பக்கம் மின்கம்பம், அதன் பின்னால் சாய்ந்த மரம். இந்த மூன்றையும் இதே கோணத்தில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அழைப்பு மணியை அடித்துவிட்டு அக்கா வந்து திறக்கும்வரை அவள் வீட்டு வாசலில் நின்று.

இடது பக்கம் ஒதுங்கினால் அது செருப்பு அலமாரிக்காக. வலப்பக்கம் சுற்றினால் அது சாப்பாட்டு மேசைக்காக. அந்த வீட்டுக்கு அது ரொம்பப் பெரிய மேசை, யார் போனாலும் இடுப்பில் இடிக்கும். கடைசி மூலை வாண்டுவின் அறை.

நான் குனிந்து தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலது காலில் நாலு விரல்தான் பதிந்திருந்தது. வாண்டுவுக்கு வலது காலின் சுண்டு விரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்து, இது மட்டும் மாடியில் குடியிருக்கிறதா என்று நான் அவளைச் சீண்டி அழவைத்திருக்கிறேன். பயந்தேன் என்றே சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில், பக்கத்தில் ஒரு குண்டு மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே பயந்தேன்.

அக்காவிடம் உடனே சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அவள் அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அந்த மேட்டில் உட்கார்ந்துவிடுவாள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால் வேலையில் இருக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன், வரைபடத்தைத் திருத்தினேன். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, மக்கள் எங்கே நடக்கிறார்களோ அங்கே வழியை விடு, வீம்புக்கு மறிக்காதே என்று. அதையே பச்சை மையிடம் நீட்டி முழக்கினேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கிழக்கில் ஒரு தனி வாசல் இருந்தால் வெளியேறுவது சுலபம், காலை வெயில் வரும் என்று கதை அளந்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்த வாசலிலிருந்து நீரூற்று தெரியுமா என்பது. தெரியும் என்றேன். பச்சையில் கையெழுத்து விழுந்தது.

கரும்பலகையைத் தெற்குச் சுவருக்கு மாற்றி, கிழக்குக் கோட்டில் ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி விட்டோம். மறுநாள் காலை ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தேன். எல்லாக் கோடும் போட்டபடியே இருந்தது. இடைவெளியில் வெறும் தரை. ஒரு தடமும் இல்லை.

சர்வேயருக்கு நிம்மதி. "அப்பாடா, தொல்லை விட்டுச்சு," என்று டீ குடிக்கக் கிளம்பினார். நான் அங்கேயே நின்றேன். செய்த தப்பு எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோடு இருந்ததால்தான் மிதிபட்டது, மிதிபட்டதால்தான் தெரிந்தது. வாசல் வைத்தவுடன் வருகிறவள் சுத்தமான காலோடு உள்ளே போகிறாள். வந்தாளா, வராமல் நின்றுவிட்டாளா, இப்போது உள்ளேதான் இருக்கிறாளா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நல்லது செய்யப் போய், இருந்த ஒரே அடையாளத்தையும் நானே துடைத்துவிட்டேன். அடுத்த வாரம் அடித்தளம் தோண்ட இயந்திரம் வரும். அதன் பிறகு மேடும் இல்லை, கோடும் இல்லை.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை, அந்தக் கட்டடத்தில் அது என்றைக்கு வேலை செய்தது? அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், சுண்டு விரல் உட்பட. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கழுவி வைத்தாள், கையைத் துடைத்தாள்.

"மேசையச் சுத்திப் போனாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இடிச்சுக்கல."

"இல்லக்கா. தள்ளித்தான் போயிருக்கா."

"எப்பவும் இடிச்சுக்குவா," என்றாள் அக்கா. பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அத்தானுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதவில்லை. போகிற வழியில் போன் செய்து, தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன், குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். என் வீடு அந்த நிலத்திலிருந்து நடக்கிற தூரம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காவலாளி என்னைத் தெரிந்தவன், கேட்டைத் திறந்துவிட்டான். தகர வேலியில் அவளுடைய பலகை அப்படியே தொங்கியது. அதை அவள் ஒரு முறை கையால் தடவிவிட்டு வந்தாள். மேட்டின் மேல் ஏறியதும் நான் ஒன்றும் காட்டவில்லை. அவளே நேராகக் கிழக்கு இடைவெளிக்குப் போனாள், செருப்பைக் கழற்றினாள், உள்ளே நுழைந்தாள். இடது பக்கம் ஒதுங்கினாள். வலப்பக்கம் சுற்றினாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. மூலைக்குப் போய் நின்று, "இது இப்ப என்ன ரூமு?" என்று கேட்டாள்.

"ஒண்ணாம் கிளாஸ்க்கா. பசங்க பை வைக்கிற இடம்."

"நல்லதுதான்," என்றாள்.

நான் கோட்டுக்கு வெளியேதான் நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அறையில் அக்கா மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. காற்று நின்றுபோயிருந்தது. அக்கா நின்ற மூலையில் அவள் நிழலுக்குப் பக்கத்தில் வேறு நிழல் ஏதும் இருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அப்படிப் பார்க்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஒன்றும் இல்லை. அக்கா கையை மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள், கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துக்கொள்வது போல.

பிறகு வெளியே வந்து, சுண்ணாம்பு எங்கே என்று கேட்டாள். ஓரத்தில் சர்வேயரின் வாளி மூடி வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து இடைவெளியின் ஒரு முனையில் குந்தினாள். முழங்கால் வலிக்காரி, குந்தவே மாட்டாள். கை நிறைய அள்ளி அள்ளி இடைவெளியை அடைத்தாள். எங்கள் கோடு மாதிரி மெல்லிசாக இல்லை, ஒரு வரப்பு மாதிரித் தடிமனாகப் போட்டாள்.

"அக்கா, என்ன பண்ற? வாசல அடைக்கிற."

"அடைக்கத்தான் வேணும். திறந்து வச்சா இங்கேயே வந்துக்கிட்டு இருப்பா. நாங்கதான் இங்க இல்லையே."

அடைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். என்னோடு இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பக்கத்து அறையில் இருக்கிற பெண்ணுக்குக் கடைக்குப் போகும் வழி சொல்வது போலச் சொன்னாள்.

"அதே பஸ்ஸுதான், நீ காலேஜுக்குப் போறது. கடைசி வரைக்கும் உக்காந்திரு, நடுவுல இறங்காத. இறங்கினா எதிர்ல பழக்கடை. அதுக்குப் பின்னாடி ரெண்டாவது கட்டடம், மஞ்சள் அடிச்சிருக்கும். லிப்ட்டுக்கு நிக்காத, படியேறு. நாலாவது மாடி. இடது பக்கம். வாசல்ல ஒரு செடிதான் இருக்கும், அதுவும் பாதி காஞ்சிருக்கும். அப்பா ஏதாவது சொல்லுவாரு. அவரு கெடக்காரு, நீ உள்ள வந்துடு."

வாளி காலியானதும் எழுந்தாள். கை இரண்டும் முழங்கை வரை வெள்ளை. அவள் மேல் எனக்கு அன்று வந்த பாசத்தைப் போல அதற்கு முன் வந்ததில்லை, அவளைப் பார்த்து அப்படிப் பயந்ததும் இல்லை.

இரவு அவள் என் வீட்டில் நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. காலையில் பல் துலக்கக்கூட விடாமல் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சர்வேயர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். மேட்டின் விளிம்பில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அக்காவைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

தடித்த கோடு நடுவில் மிதிபட்டிருந்தது. தடங்கள் அங்கிருந்து கிளம்பின. விரல்கள் எங்களைப் பார்த்து இருந்தன. உள்ளேயிருந்து வெளியே. அக்கா அவ்வளவு தூள் போட்டிருந்ததால் தடம் பளிச்சென்று நீண்ட தூரம் போனது, மேட்டிலிருந்து இறங்கி, மரங்களின் கீழே போய், மூடிய கேட் வரைக்கும். நாலு விரல், ஐந்து விரல், நாலு விரல், ஐந்து விரல். நடுவில் எங்கேயும் நின்று யோசித்த மாதிரி இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கமும் தார்ச்சாலையில் வெள்ளை தெரிந்தது. மங்கலாக, இன்னும் மங்கலாக, பஸ் நிறுத்தத்தை நோக்கி.

"கெளம்பிட்டா," என்றாள் அக்கா. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கல்யாணப் புகைப்படத்தில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. "அட்ரஸக் கேட்டுக்கிட்டா பாரு. நான் அப்பவே சொன்னேன்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்த எண்ணத்தை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. உயிரோடு இருக்கிற பெண் என்றால் ஒரு போன் செய்திருப்பாள். தெருவே இல்லை என்று பார்த்ததும் யாரையாவது விசாரித்திருப்பாள். கேட்டுக்குப் பக்கத்தில் முழ நீள எழுத்தில் விலாசம் தொங்குகிறது, அதைப் படித்திருப்பாள். இடித்த வீட்டுக்குள் தினமும் நுழைந்து, இல்லாத மேசையைச் சுற்றிக்கொண்டு போய், இல்லாத அறையில் கிடந்தது எதுவோ, அதற்கு நாங்கள் இப்போது வீட்டு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அங்கே அத்தான் தனியாக இருக்கிறார்.

அக்கா பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்தாள். முழங்கால் வலி எங்கே போனதோ. நான் அவள் பின்னால் ஓடிக்கொண்டே அத்தானுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுத்தார்.

"என்னம்மா, காலங்காத்தால. உங்கக்கா ஒழுங்கா இருக்காளா? குழம்புல உப்பே இல்ல, அதச் சொல்லு அவகிட்ட."

"அத்தான், நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். எங்க போவேன்? டீ போட்டுக்கிட்டு இருக்கேன்." அவருக்குப் பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. "இரும்மா. யாரோ கதவத் தட்டறாங்க."

"அத்தான், வேண்டாம். நாங்க வந்துடறோம். திறக்காதீங்க."

"என்னது?"

பஸ் நிறுத்தத்தில் அக்கா சட்டென்று நின்று திரும்பினாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெறுப்பு என்று சொன்னால் போதாது. நான்தான் அவள் வீட்டை இடித்தவள், நான்தான் அவள் மகளை வெளியே நிறுத்தினவள் என்பது போலப் பார்த்தாள். வந்த வேகத்தில் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தொறங்க," என்றாள்.

அத்தான் ஏதோ கேட்டார்.

"நான் சொல்றேன்ல. தொறங்க மொதல்ல."

போனை அவர் மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து இருவருக்கும் கேட்கும்படி நடுவில் பிடித்தாள். அத்தானின் செருப்பு இழுபடும் சத்தம். தாழ்ப்பாள். கதவு. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. அக்கா மூச்சே விடாமல் நின்றாள். நானும் அப்போது, எது வந்திருந்தாலும் சரி, அவளாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பிறகு தூரத்தில் அத்தானின் குரல் கேட்டது, எங்களிடம் இல்லை. குரல் கரகரத்திருந்தது. வழக்கமான சிடுசிடுப்பை வைத்துக்கொள்ளப் பார்த்து முடியாமல் போன குரல்.

"காலத் தொடச்சுக்கிட்டு உள்ள வா. தரையெல்லாம் வெள்ளையாகுது பாரு."